ஃபோகஸுக்கு நின்றவன்

தம்பி,

நீயும் நிவேதாவும் கனடா போன நாளிலிருந்து போனில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். "அம்மா, போட்டோ வந்துச்சா?" நானும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "சென்னைக்கு அனுப்பியிருக்குதுடா, லேப்ல லேட் பண்றானுங்க." அந்த லேப்காரர்கள் பாவம், அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் விமானம் ஏறிய அடுத்த வாரமே ஃபிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து, உன் அப்பா போனுக்கு அனுப்பிவிட்டார்கள். பொய் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் என் வாய்ஸ் மெசேஜை நீ வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாமே, உன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "அத்தை, நீங்க இழுத்து இழுத்துப் பேசுறீங்களாம். ரெண்டு மடங்கு ஸ்பீடுல வச்சுக் கேக்குறாரு." இருக்கட்டும் ராஜா. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உட்கார்ந்து படி.

முதலில் நீ கொடுத்த கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதையும்தான் கேட்டாய். "பழகிடுச்சாம்மா?" பழகவில்லை. நல்ல கேமராதான், குறை சொல்ல வாயில்லை. கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது, விரலுக்கு ஜில்லென்று இருக்கிறது, எந்த இடத்திலும் ஆட்டம் கிடையாது. யாரோ புண்ணியவான் பத்திரமாக வைத்திருந்ததை நீ தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாய் என்பது பார்த்தாலே தெரிகிறது. கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டைதான் ரொம்பச் சின்னது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் ஓரம் தெரிவதில்லை, கழற்றிவிட்டுப் பார்த்தால் எதுவுமே தெரிவதில்லை. அது போகட்டும், என்னைக் குழப்பியது வேறு. கேமராவைத் தூக்கியதும் என் இடது கை தானாக லென்ஸுக்குப் போய், திருகுவதற்கு வளையத்தைத் தேடியது. வளையம் இல்லை. தடவித் தடவிப் பார்க்கிறேன், வழவழவென்று இருக்கிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாய். "அம்மா, அந்தக் கைக்கு வேலையே இல்ல. பட்டனைப் பாதி அமுக்கு, தானா ஃபோகஸ் பண்ணிக்கும். மீதியை அமுக்கு, எடுத்துடும். அவ்ளோதான்." அடேயப்பா! ஆயுசு முழுக்க நான் செய்த வேலையைப் பாதி, மீதி என்று சொல்லி முடித்துவிட்டாய். உன்மேல் கோபம் இல்லை. என் இடது கையைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. அன்று முழுக்க அது எதையாவது பிடித்துக்கொண்டே இருந்தது, நாற்காலிக் கையை, முந்தானையை, உன் தோளை.

நிவேதாவும் இதைப் படிப்பாள். அவளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். என் பழைய கேமராவில் கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் எல்லாமே இரண்டாகத் தெரியும். ஒரு முகத்தைப் பார்த்தால் அதை ஒட்டி மங்கலாக அதே முகம் இன்னொன்று. வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வரும். ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்து ஒரே முகமாகிவிட்டால் ஃபோகஸ் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெளிச்சத்தில் இது ஒரு வேலையே இல்லை. நான் போன இடங்களில் வெளிச்சம் எங்கே இருந்தது? மரக்காணத்திலும் பிரம்மதேசம் பக்கமும் மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு. கோட்டக்குப்பத்தில் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதி. ஆம்பிளைப் போட்டோக்காரன் நுழையக் கூடாத இடங்களுக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அறையில் ஒரே ஒரு டியூப்லைட் இருக்கும், அதையும் ஜிகினாத் தோரணம் பாதி மறைத்திருக்கும். கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, முக்காடு நெற்றி வரை இறங்கி, உட்கார்ந்திருக்கும். அந்த இருட்டில் அந்த முகத்தைப் பார்த்து வளையத்தைத் திருகிக்கொண்டே நின்றால் பெண்ணுக்கும் கூச்சம் வந்துவிடும், சுற்றி நிற்கிறவர்களும் "என்னாங்க, இன்னும் எடுக்கலையா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழிதான் நீ. உன் அப்பா உப்பு லாரியை எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல் கூடவே கூட்டிக்கொண்டு போவேன். பெண் வந்து உட்காருவதற்கு முன்னால் அந்த நாற்காலியில் உன்னை ஏற்றிவிடுவேன். உன் முகத்தை வைத்து ஃபோகஸ் சேர்த்துக்கொள்வேன். அதற்கப்புறம் நாற்காலியும் நகராது, நானும் நகரமாட்டேன், வளையமும் வைத்த இடத்தில் இருக்கும். உன்னை இறக்கிவிட்டுப் பெண்ணை உட்காரவைத்தால், அது கண்ணைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில் எடுத்துவிடலாம். "ஃபோகஸுக்கு நிக்கிறியாடா?" என்று கேட்டால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வருவாய். கட்டத்துக்குள் நேர்க்கோடு ஏதாவது இருந்தால் இரண்டையும் சேர்ப்பது சுலபம் என்று உனக்குக் கோடு போட்ட சட்டையாகவே வாங்கினேன். தீபாவளிக்கும் கோடு, பொங்கலுக்கும் கோடு. ஸ்கூலில் பசங்கள் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று ஒருநாள் அதைக் கழற்றி மூலையில் விட்டெறிந்துவிட்டு வெறும் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றாய். "அப்படின்னா வெரலை விரிச்சு நெஞ்சு மேல வைடா, அதான் கோடு" என்றேன். அதுவே பழக்கமாகிவிட்டது. நாற்காலியில் ஏறி, தாடையைத் தூக்கி, விரல்களை விரித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி அதட்டுவாய். "சீக்கிரம்மா, டைம் ஆச்சு!" எதற்கு டைம் ஆச்சு? பிரியாணிக்குத்தான்.

இதை இத்தனை நாள் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஃபோகஸ் சேர்ந்த பிறகும் நான் உடனே உன்னை இறக்கிவிட மாட்டேன். சேர்ந்ததைக் கொஞ்சம் பிரித்து, திரும்பச் சேர்ப்பேன். உன் முகம் இரண்டாகி, நெருங்கி, ஒன்றாவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆசை. வீட்டில் நீ அப்படி அசையாமல் ஒரு நிமிஷம் என் முன்னால் இருந்ததுண்டா? சோறு ஊட்டும்போது ஓடுவாய், தலை சீவும்போது நெளிவாய். அந்த நாற்காலியில் மட்டும் எனக்காக மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன் புருவத்து மேல் இருக்கிற அந்தத் தழும்பு, முன்பல் விழுந்த இடம், கோபம் வந்தால் சிவக்கிற காது, எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாகத்தான் நான் ஆசை தீரப் பார்த்தேன். ஆனால் அமுக்கியதில்லை. ஃபிலிம் கல்யாண வீட்டுக்காரர்களுடையது, அதில் ஒன்றை உனக்குச் செலவு செய்தால் கடைசியில் பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிற படத்துக்கு ஃபிலிம் இருக்காதே என்று பயம். மனசுக்குள் எண்ணிக்கொண்டேதான் எடுப்பேன், அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார், இந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள், நெகட்டிவ் நெகட்டிவாக. நீ இல்லை. ஸ்கூல் குரூப் போட்டோ இருக்கிறது, பாஸ்போர்ட் போட்டோ இருக்கிறது, இப்போது போனில் ஆயிரம் செல்ஃபி இருக்கிறது. நான் பார்த்த உன் முகம் எதிலும் இல்லை.

அப்புறம் கோட்டக்குப்பத்தில் அந்த நாள் வந்தது. ஜெய்த்தூன் அக்காவை நினைவிருக்கிறதா? எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் உன் பாக்கெட்டில் முந்திரியை அள்ளிப் போடுவாரே, அவர் வீட்டுக் கல்யாணம். நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டேன், நீ பின்னால் வந்தாய். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் நீ வாசலில் நிற்கிறாய், ஜெய்த்தூன் அக்கா கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறார். கோபமில்லை, சிரிப்புதான். "போட்டோக்காரம்மா, கோவிச்சுக்காதீங்க. மாஷா அல்லாஹ், புள்ள நல்லா வளந்துட்டான் பாருங்க. உள்ள பொண்ணுங்க கூச்சப்படுதுங்க." நான் உன்னைப் பார்த்தேன். மீசை கறுக்கவில்லை, ஆனால் வளர்ந்துதான் இருந்தாய். எனக்கு அதுவரை தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. நீ உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரிம்மா, நான் பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாய். அன்றைக்கு ஜெய்த்தூன் அக்காவே நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு ஃபோகஸுக்கு நின்றார். கையை எப்படி வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது, உன்னைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு நீ திண்டிவனத்தில் படித்தாய், சென்னையில் படித்தாய், வேலைக்குப் போனாய். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. உன் முகத்தை அசையாமல் வைத்துப் பார்க்கிற சந்தர்ப்பம் மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை.

இப்போது புரிகிறதா, நீ கொடுத்த கேமராவோடு எனக்கு என்ன மனஸ்தாபம் என்று? வலது கண்ணில் புரை வந்ததிலிருந்து பழைய கேமராவில் அந்த இரண்டு முகமும் சேரவே மாட்டேன் என்கிறது, எவ்வளவு திருகினாலும் கலங்கின தண்ணீரில் பார்க்கிற மாதிரி இருக்கிறது. நான் ஒருநாள் புலம்பியதை மனதில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குக் கண் கஷ்டம் இருக்கக்கூடாது என்று வாங்கி வந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தெருவில் ஒருவர் விடாமல் காட்டினேன். ஆனால் இந்தக் கேமராவில் எதுவும் இரண்டாகத் தெரிவதில்லை தம்பி. அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் எப்போதும் பளிச்சென்று ஒரே மாதிரி தெரிகிறது. அது எதைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. பட்டனைப் பாதி அமுக்கினால் உள்ளே 'சர்ர்' என்று ஒரு சத்தம், கீழே சின்னதாக ஒரு எண், இத்தனை மீட்டர் என்று. முடிந்தது. நான் ஒரு முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அது பார்த்து முடித்துவிடுகிறது. அதற்கு எங்கேதான் அவ்வளவு அவசரமோ!

நீ இங்கே இருந்த அந்தச் சில நாட்களில் வீட்டைச் சுற்றி அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன், நீ பார்த்தாய். உன் அப்பாவை எடுத்தேன், முருங்கை மரத்தை எடுத்தேன், நிவேதா தலை துவட்டுவதை அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார், "ஏம்மா, டேப்பு வச்சு அளக்கிற மாதிரி மூலைக்கு மூலை எண்ணு சொல்லிக்கினு திரியுறியே, வீட்டை விக்கப் போறியா?" அளந்தது உண்மைதான். அடுப்படியிலிருந்து உன் கட்டில் எவ்வளவு தூரம், கட்டிலிலிருந்து வாசல் எவ்வளவு தூரம் என்று அது சொல்லிக்கொண்டே வந்தது. உப்பளத்துப் பக்கம் எடுத்துக்கொண்டு போனால் அதற்குக் கண் தெரியவில்லை. தண்ணீர் கட்டின பாத்தியும் வானமும் ஒரே வெள்ளையாக இருக்க, 'சர்ர், சர்ர்' என்று முன்னும் பின்னும் தேடிவிட்டுத் தோற்றுப்போய் நின்றது. உள்ளூர எனக்குச் சந்தோஷம். வாடி மகளே, எங்க ஊர் வெயிலுக்கு நீ புதுசு என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் புறப்பட்ட அன்று காரை உப்பளத்தருகே நிறுத்தச் சொன்னேன். ரோட்டோரம், உப்பை அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருப்பார்களே, அந்த இடம். சாயங்கால வெயில் சாய்ந்து, வரப்பெல்லாம் பொன் நிறமாக இருந்தது. டிரைவர் முகத்தைச் சுளித்தான், உன் அப்பா கையைத் தூக்கி அவனை அடக்கினார். நான் எண்ணி வைத்திருந்தேன். இங்கே சில படங்கள் எடுத்த பிறகு கடைசியாக ஒன்று மீதி இருக்க வேண்டும், அது ஏர்போர்ட் வாசலுக்கு. நிவேதா காரிலிருந்து இறங்கி முடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் வழக்கம்போல, யோசிக்காமல், உன்னிடம் சொன்னேன். "ஃபோகஸுக்கு நிக்கிறியாடா?"

நீ ஒரு நொடி திகைத்தாய். இந்தக் கேமராவுக்கு அது தேவையே இல்லை, வாங்கிக் கொடுத்தவன் நீ, உனக்குத் தெரியாதா? ஆனாலும் போய் நின்றாய். நான் பாதி அமுக்கினேன். 'சர்ர்' என்றது, அன்று கொஞ்சம் நீளமாகவே சத்தம் போட்டது. சரி, ஃபோகஸ் வைத்தாகிவிட்டது, இனி அது அங்கேயே இருக்கும் என்று நம்பி நிவேதாவைக் கூப்பிட்டு உன் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். உப்பு வாருகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "பொண்ணு லட்சணமா கீதே" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். நிவேதாவுக்கு வெட்கம், மாமியார் முன்னால் எப்படி ஒட்டி நிற்பது என்று ஒரு முழம் தள்ளி நின்றாள். நீயும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் திரும்பத் திரும்ப எடுத்தேன். அப்புறம் ஏர்போர்ட் வாசலில், நீ தள்ளுவண்டியோடு உள்ளே போகத் திரும்பியபோது கேமராவைத் தூக்கினேன். அமுக்கினால் எடுக்கவில்லை. 'சொய்ங்' என்று ஃபிலிம் தானாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டது. "ஐயோ, இன்னொண்ணு இருக்கணுமே! ஒரு படத்தை முழுங்கிடுச்சே!" என்று நான் கத்தியதைக் கேட்டு அங்கே இருந்த போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாய். நான் அழுதது உனக்கு டாட்டா காட்டியபோது இல்லை. அந்த ஒரு படத்துக்காகத்தான் அழுதேன். உன் அப்பா என்னைக் காருக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

ஸ்கேன் வந்த அன்று உன் அப்பா போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். திறந்ததும் கடைசியாக எடுத்த உப்பளத்துப் படம். பின்னால் இருக்கிற உப்பு அம்பாரம் அவ்வளவு துல்லியம். அதன்மேல் யாரோ காயப்போட்ட சிவப்புத் துண்டில் நூல்கூடத் தெரிகிறது. நீங்கள் இரண்டு பேரும் மங்கல். கண் எது, வாய் எது என்று தெரியாத மங்கல். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. நான் உன்மேல் வைத்த ஃபோகஸ் அங்கேயே நிற்கும் என்று நம்பினேன் அல்லவா? இந்தக் கேமரா ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் பழையதை மறந்துவிட்டுப் புதிதாகப் பார்க்குமாம். நடுவில் என்ன இருக்கிறதோ அதைப் பார்க்குமாம். நடுவில் உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த சந்துதான் இருந்தது. அந்தச் சந்து வழியாக அது நேராக உப்பைப் போய்ப் பார்த்துவிட்டது. இத்தனை வருஷம் வேலை செய்தவள், கல்யாணமாகி ஊர் விட்டுப் போகிற என் சொந்தப் பிள்ளையை இப்படி எடுத்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், மீதிப் படங்களைப் பார்க்கவே இல்லை. கேமராவைப் பெட்டியில் போட்டு, பரணில் ஏற்றச் சொன்னேன். "ஏத்த மாட்டேன். கோவம் தணிஞ்சதும் நீதான் எறக்கச் சொல்லுவ, எனக்கு முட்டி வலி" என்றார் உன் அப்பா. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எப்போது திரும்பி வருவாய் என்று உனக்கே தெரியாது. அதுவரைக்கும் எனக்கு இருக்கிற படம் உன் முகம் இல்லாத படம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் லேப்காரர்கள் தலையில் பழியைப் போட்டேன்.

புத்தி சொல்லாமல் அம்மாவால் கடிதம் எழுத முடியாது, கேட்டுக்கொள். முதலாவது, உப்பளத்தில் நின்ற மாதிரி தள்ளி நிற்காதீர்கள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும், ஒட்டி நில்லுங்கள், நடுவில் இடம் விட்டால் பார்க்கிறவர்கள் கண் எங்கெங்கோ போகும். இன்னொன்றை நான் இந்தக் கேமராவிடம் இப்போதுதான் கற்றுக்கொண்டேன். ஒரு ஆளை ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட்டால் போதும், அவர்கள் அங்கேயே இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெய்த்தூன் அக்கா வாசலில் கையை நீட்டிய அன்றுகூட நான் திரும்பவும் வளையத்தைத் திருகவில்லை. நீ காலேஜ் போனபோதும் நாற்காலியில் ஏறி உட்காருகிற பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் "சாப்ட்டியா, எண்ணெய் தேச்சியா" என்று கேட்டுக்கேட்டு உன்னைக் கடுப்படித்தது அதனால்தான். நீ நிவேதாவை அப்படி வைத்துவிடாதே. இன்றைக்கு இருக்கிற நிவேதாவை இன்றைக்குப் பார், அடுத்த வருஷம் அடுத்த வருஷத்து நிவேதாவைப் பார். அங்கே குளிர் என்று உன் அப்பா தினமும் போனில் பார்த்துச் சொல்கிறார், காதை மூடிக்கொண்டு போ. உனக்குக் காதில்தான் முதலில் குளிர் ஏறும்.

போன ஞாயிற்றுக்கிழமை லேப்பிலிருந்து நெகட்டிவ் கூரியரில் வந்தது. தூக்கிப் போடலாம் என்றுதான் பிரித்தேன். கை கேட்கவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துவிட்டேன். பழைய கேமராவில் முகம் சேராத என் கண்ணுக்கு நெகட்டிவ் மட்டும் இன்னும் தெரிகிறது. முருங்கை மரம், உன் அப்பா, நிவேதா தலை. அப்புறம் உப்பளத்து மங்கல்கள். அந்த மங்கல்களுக்கு முன்னால் ஒரு படம் இருந்தது. நான் எடுத்ததாக எனக்கு நினைவே இல்லாத படம். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும் என்று உனக்குத் தெரியும். தலைமுடி எல்லாம் வெளுத்த ஒரு கிழவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு நொடி யாரென்று தெரியவில்லை. நான் பார்க்கப்போகாத வயசில் நீ அப்படித்தான் இருப்பாய் போலிருக்கிறது என்று நினைத்ததும் நெகட்டிவை இன்னும் கண்ணருகே கொண்டுபோனேன். பிறகு விரல்களைப் பார்த்தேன். விரித்து வைத்திருந்தாய்.

பாதி அமுக்குகிறேன் என்று நினைத்து நான் முழுக்க அமுக்கிவிட்டிருக்கிறேன், தம்பி. அந்தப் பட்டன் அவ்வளவு லேசு, பழைய கேமராவில் இருந்த பிடிவாதம் அதில் இல்லை. கொஞ்சம் நீளமாகக் கேட்ட அந்தச் சத்தம் ஃபிலிம் நகர்ந்த சத்தம். ஏர்போர்ட்டில் முழுங்கிவிட்டது என்று நான் கத்தினேனே, அந்தப் படம் இதுதான். பாண்டிச்சேரிக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தேன், ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், ஒன்று என்னிடம் இருக்கிறது. பார். பின்னால் உப்பெல்லாம் கரைந்துபோய் வெறும் வெளிச்சம். நீ மட்டும் துல்லியம். கறுப்பு டீ-ஷர்ட், அதன்மேல் ஐந்து விரல். தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். புருவத்துத் தழும்பு இருக்கிறது. கண்ணோரம் ஒரு சுருக்கம் இருக்கிறது, அது எனக்குப் புதிது, எப்போது வந்தது? வாய் திறந்திருக்கிறது, கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு மட்டும் தெரியும். "சீக்கிரம்மா, டைம் ஆச்சு."

கேமராவைப் பரணில் ஏற்றவில்லை. உன் அப்பா சொன்னது சரிதான், அவரிடம் சொல்லிவிடாதே. புது ரோல் போட்டிருக்கிறேன், உன் கட்டில் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறது. நீ அடுத்த தடவை போனில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிறேன். போட்டோ வந்துடுச்சுடா. இனி நீதான் வரணும்.

அம்மா